வீடு மட்டும் கொடுத்தால் போதுமா?

கடல் ஊருக்குள் வருகிறது என்று செய்தி வந்தால், 'வானம் பார்த்த பூமியில இருக்கிற நமக்கென்ன' என்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெண்கள் பலர் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். ஆனால், ஊரை விட்டுக் கிளம்புகிற வேதனை எங்களுக்குத் தெரியாததா? கம்மாய் வற்றினால் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் மூட்டை கட்டுகிற சனம்தானே நாங்கள்! எங்களைத் தண்ணீர் இல்லாமை விரட்டுகிறது. அவர்களைத் தண்ணீரே விரட்டுகிறது.

1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறதாம். ஏறக்குறைய ஒரு சாண். ஒரு சாண்தானே என்று விட முடியாது. தாழ்வான கரையில் அந்த ஒரு சாணே புயல் அலையை இன்னும் உள்ளே கொண்டு வரும். கிணற்றையும் வயலையும் உப்பாக்கும்.

நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததும் அதற்குக் காரணம். நல்லவேளை, அவற்றில் குடியிருப்பு இல்லை. மேற்கு வங்கத்தில் சுந்தரவனத்து மக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லோகாச்சரா தீவு மூழ்கி, கோராமாரா தீவு பாதிக்கு மேல் கரைந்து, பலர் சாகர் தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஒடிசாவில் கடல் அரித்த சதபாயா ஊரின் 571 குடும்பங்களை 2018-ல் அரசே பாகபாட்டியா என்ற இடத்தில் குடியமர்த்தியது. பாராட்ட வேண்டியதுதான். வீட்டுமனை கிடைத்தது, வீடு கட்டப் பணமும் கிடைத்தது. பயிர் செய்ய நிலம்தான் கிடைக்கவில்லை. ஆம்பளைகள் பலர் கேரளா வரை கூலி வேலைக்குப் போக, பிள்ளைகளையும் வயசானவர்களையும் பெண்கள் தனியாகப் பார்த்துக் கொள்கிறார்கள். அப்படியே எங்க ஊர் கதை!

நாளைக்கு நம் கடற்கரையிலும் ஊர்களை மாற்ற வேண்டி வரலாம். அப்போது பொழப்புக்கும் சேர்த்து வழி செய்ய வேண்டும். பட்டாவில் மனைவி பெயரும் இருக்க வேண்டும். இடம் பார்க்கப் போகும்போது பெண்களையும் கூட்டிப் போக வேண்டும். குடிதண்ணீர் எவ்வளவு தூரம், பொம்பளைப் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வர பஸ் உண்டா என்பதையெல்லாம் அவர்கள்தான் முதலில் கேட்பார்கள்.

கடலை நம்பி வாழ்ந்தவர்களை மேட்டில் கொண்டுபோய் வைத்தால், மீன் விற்கிற பெண் கூடையை எங்கே இறக்குவாள்? சம்பந்தப்பட்டவர்கள் இப்போதே யோசிப்பார்களா?

- ஒரு வாசகி, திருச்சுழி.