புகைக்கு மெஷின் எதுக்கு?

விஸ்கியில புகை வாசனை ஏத்துறதுக்குன்னு டவுன்ல ஒரு மெஷின் வாங்குறாங்க. வீண் செலவு. கொட்டாங்குச்சி இருக்கிற வீட்டுல புகைக்கா பஞ்சம்?

காஞ்ச கொட்டாங்குச்சித் துண்டோ, விரல் நீளப் பட்டையோ எடுத்து நுனியைப் பத்த வைங்க. தீயை ஊதி அணைச்சு மண் சட்டியில வெச்சு, குளிர்ந்த தண்ணியில அலசின கிளாஸைக் கனல் படாம மேல கவுத்துடுங்க. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தா புகை நல்லா ஒட்டும். ஒரு நிமிஷம் போதும், அதிகமானா கசக்கும். அப்புறம் ஐஸ், விஸ்கி, கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. ஸ்காட்லாந்து ஐலா தீவுல பீட்ங்கிற சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரிச்சு, அந்தப் புகையில முளைகட்டின பார்லியைக் காய வெக்கிறாங்க. அங்க வாசனை தானியத்துலயே ஏறிடுது. நம்மது கிளாஸ்ல ஒட்டினதுதான், சட்டுனு போயிடும். அதனால ஆற அமர வெச்சுக் குடிக்காதீங்க.

விறகுல மட்டும் விளையாட்டு வேண்டாம். அரளிக் குச்சி விஷம், புகையும் ஆகாது. பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட் தொடவே கூடாது. பாட்டிலைத் தள்ளி வைங்க. நம்ம ஊர் விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம் சாராயம், தீப் பிடிச்சுக்கும்.

குடிக்காதவங்களுக்கு அதே கிளாஸ்ல மோர் ஊத்திக் குடுங்க. என்னைக் கேட்டா, விஸ்கியைவிட அதுதான் ருசி.