ஃபார்மேட் அடிக்கும் முன் ஒரு நிமிஷம்!



ஆண்டு மலர் என்றால் காதலைப் பற்றி எழுத நம்மில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுத நூறு பேர்! ஆனால் தினமும் மூணு மணி நேரம் நாம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் லேப் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன். இதில் பாதி என் கருத்து. மீதி ஒரு மன்னிப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். மூணாம் வருஷம், மினி புராஜெக்ட். நாலு பேர் சேர்ந்து சி மொழியில் ஒரு ஸ்டோர் கணக்கு புரோகிராம் எழுதினோம். ஸ்கிரீனில் மெனு அழகாக வரணும் என்று 'என்கர்சஸ்' என்ற லைப்ரரியைப் பிடித்தோம். லேப் மெஷினில் இருந்தது டெபியன் லினக்ஸ். கம்பைல் பண்ணினால், 'என்கர்சஸ் டாட் ஹெச் என்ற ஃபைல் இல்லை' என்று ஒரே வரி. திரும்பப் பண்ணினோம். திரும்பவும் அதே வரி.

"சிஸ்டம் கரப்ட் ஆயிடுச்சுடா. ஃபார்மேட் போட்டுடலாம்!" என்றான் ஒருத்தன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பென் டிரைவைச் செருகியது நான்தான். ஒளிப்பானேன்?

ஒண்ணரை மணி நேரம் கழித்துப் புது லினக்ஸ் ஜம்மென்று வந்தது. கம்பைலரையும் ஏற்றிவிட்டுப் புரோகிராமை ஓடவிட்டோம். வந்தது என்ன தெரியுமா? அதே வரி! என்கர்சஸ் டாட் ஹெச் இல்லை!

அந்த நேரம் பார்த்து இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் இரண்டு பேர் வந்து அதே மெஷினில் உட்கார்ந்தார்கள். "அண்ணே, எங்க ஃபோல்டரைக் காணோமே?" மூணு வாரம் உட்கார்ந்து அடித்தது. வேறெங்கும் காப்பி இல்லை. ஒருத்தன் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடினான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது.

சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணன் எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு வரி அடித்தார். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஸ்டாக் ரெஜிஸ்டர் பார்த்ததுண்டா?

நம்ம ஒர்க்‌ஷாப்பில் டூல் ரூம் இருக்கிறது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஸ்டோர் கீப்பரிடம் ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர் உண்டு. கடையிலிருந்து என்னென்ன வரவழைக்கலாம் என்பதற்கு ஒரு விலைப்பட்டியலும் உண்டு. ஃபைல் ஒன்று கேட்டுப் போனால் அவர் முதலில் ரெஜிஸ்டரைப் பார்ப்பார். இல்லையென்றால் பட்டியலைப் பார்ப்பார். டூல் ரூமையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மாட்டார்!

லினக்ஸும் அப்படித்தான். ஏற்றப்பட்ட ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கணக்கு இருக்கிறது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் அந்தக் கணக்குப்பிள்ளையின் பெயர் 'டிபிகேஜி'. ரெட் ஹேட், ஃபெடோரா குடும்பத்தில் 'ஆர்பிஎம்'. டெபியனை இயன் மர்டாக் 1993ல் தொடங்கினார். ஆர்பிஎம் 1995ல் ரெட் ஹேட்டோடு வந்தது. இரண்டுமே நம்மில் பலரைவிட வயதில் மூத்தவை. மூத்தவர்களிடம் கேட்டுச் செய்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கேட்கும் முறை இதுதான். (நான் தமிழில் எழுதுவதை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்கணும், சரியா?)

'டிபிகேஜி -எல்', சின்ன எல். இருப்பதெல்லாம் வரிசையாக வரும். வரியின் முன்னால் 'ஐஐ' என்றிருந்தால் ஒழுங்காக ஏறியிருக்கிறது. 'ஆர்சி' என்றிருந்தால் பேக்கேஜை எடுத்தாச்சு, அமைப்பு ஃபைல்கள் மட்டும் பாக்கி. இதைக் கவனிக்காமல் 'பட்டியலில் பேர் இருக்குதே' என்று ஏமாந்தவர்கள் உண்டு.

'டிபிகேஜி -எல்', இப்போது பெரிய எல். பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்த ஃபைலை எங்கெங்கே வைத்தது என்று சொல்லும். பெரிய எஸ் போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால், அந்த ஃபைல் யாருடையது என்று சொல்லும்.

இல்லாததைத் தேட 'ஆப்ட்-கேஷ் சர்ச்'. ஒரு பேக்கேஜ் நம்மிடம் எந்த வெர்ஷன் இருக்கிறது, வெளியே எது கிடைக்கிறது என்று இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க 'ஆப்ட்-கேஷ் பாலிசி'. இவை மெஷினில் ஏற்கெனவே பதிந்து வைத்த பட்டியலைப் பார்த்துத்தான் சொல்லும். அதனால் நெட் இல்லாவிட்டாலும் பதில் வரும். ஆனால் 'ஆப்ட் அப்டேட்' போட்டு ஆறு மாசமாச்சு என்றால் பதிலும் ஆறு மாசப் பழசு!

ஆர்பிஎம் பக்கம் போனால் 'ஆர்பிஎம் -கியூஏ' எல்லாவற்றையும் காட்டும், '-கியூஎல்' ஃபைல்களைக் காட்டும், '-கியூஎஃப்' ஃபைலின் சொந்தக்காரரைக் காட்டும். வெளியே கிடைப்பதைக் காட்ட 'டிஎன்எஃப் லிஸ்ட்' இருக்கிறது.

அண்ணன் அடித்த வரி 'ஆப்ட்-கேஷ் சர்ச் என்கர்சஸ்'. பதிலில் 'லிப்என்கர்சஸ்-டெவ்' என்று ஒரு பெயர் நின்றது. விஷயம் இவ்வளவுதான்: டெபியனில் லைப்ரரி ஒரு பேக்கேஜ், அதை வைத்துப் புரோகிராம் எழுதத் தேவையான ஹெடர் ஃபைல்கள் தனிப் பேக்கேஜ். லைப்ரரி முதல் நாளிலிருந்தே மெஷினில் இருந்தது. 'டெவ்' மட்டும்தான் இல்லை. ஒரு நிமிஷ வேலை! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறோம். அதுவும் அடுத்தவன் வீட்டை.

கேள்வி கேட்பது சின்ன வேலையா?

"இதெல்லாம் பெரிய விஷயமா? நெட்டில் தேடி ஒரு வரியைக் காப்பி பண்ணி ஒட்டினால் முடிஞ்சுது" என்பார்கள் நண்பர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்த வரி யாரோ ஒருவர் மெஷினுக்கு எழுதியது. உன் மெஷினில் என்ன இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

வேலைக்குப் போனால் இந்தக் கேள்வி எவ்வளவு பெரிசு என்பதற்கு இரண்டு உதாரணம். 2024 மார்ச் 29ல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு சேதியை வெளியிட்டார். 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ கள்ள வாசல் வைத்திருக்கிறார்கள் என்று. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கண்டுபிடித்தவர் அவர். அன்றைக்கு லினக்ஸ் சர்வர் வைத்திருந்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த முதல் கேள்வி, "நம்மிடம் இருப்பது எந்த வெர்ஷன்?" டெபியனின் நிலையான பதிப்பில் அந்த வெர்ஷன்கள் சேர்ந்திருக்கவில்லை. கணக்கைக் கேட்கத் தெரிந்தவர் ஒரு வரியில் மூச்சு விட்டார். தெரியாதவர்?

இன்னொன்று 2014 ஏப்ரலில் வந்த 'ஹார்ட்பிளீட்' கோளாறு. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஆபத்து, 1.0.1ஜி சரி என்றார்கள். ஆனால் டெபியன் 7ல் திருத்தம் போட்ட பிறகும் பெயர் 1.0.1இ என்றேதான் இருந்தது, வாலில் மட்டும் 'டெப்7யு5' என்று சேர்ந்தது. பழைய வெர்ஷனிலேயே ஒட்டுப் போட்டுத் தருவது அவர்கள் வழக்கம். ஆகவே எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, முழுப் பெயரையும் படிக்கணும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். கணக்குப்பிள்ளைக்கும் எல்லாம் தெரியாது. நாமே சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணிப் போட்டதும், பைத்தானின் 'பிப்' வழியாக வந்ததும் டிபிகேஜி கணக்கில் வராது. ரெஜிஸ்டரில் எழுதாமல் பின் வாசலில் வந்த சாமான் மாதிரி. அதனால்தான் முடிந்தவரை பேக்கேஜாகவே போடு என்கிறேன்.

என் கோரிக்கை மூன்று

முதலாவது, லினக்ஸ் லேபின் முதல் வகுப்பிலேயே 'இருப்பதைக் கேட்பது எப்படி' என்று சொல்லித் தரட்டும். இரண்டாவது, ஒவ்வொரு மெஷினின் பேக்கேஜ் பட்டியலையும் ஒரு ஃபைலில் எடுத்து வைப்போம். இதை மாணவர் மன்றமே செய்யலாம், நானும் வந்து உட்காருகிறேன். மூன்றாவது, அந்த மெஷினில் வேலை செய்கிற எல்லோரையும் கேட்காமல் யாரும் ஃபார்மேட் அடிக்கக் கூடாது. மெஷினிடம் கேட்பது பாதி, மனுஷனிடம் கேட்பது மீதி.

அந்தத் தம்பிகள் திரும்ப முதலிலிருந்து எழுதினார்கள். ரெண்டு சனிக்கிழமை நானும் கூட உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். போனது போனதுதான். "முதல்ல எழுதினதுதாண்ணே நல்லா இருந்துச்சு" என்றான் நோட்டை மூடினவன். அவனிடம் நேரில் சரியாகக் கேட்க வாய் வரவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் போகும். தம்பி, மன்னிச்சுடு.

நண்பர்களே, கேட்டால் சொல்ல கம்ப்யூட்டர் தயார். கேட்க நாம் தயாரா?

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்