உடைந்த ஊசிக்கு யார் பொறுப்பு?

போனைப் பிடுங்கிவிட்டால் பெண்பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் தாய் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவாள். அதுவரை அவளை அழைக்க மகளுக்கு இருக்கும் ஒரே வழி அந்தப் போன். இந்த வகைப் பாதுகாப்பை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். சுமங்கலித் திட்டக் காலத்தில் நூற்பாலை விடுதிகள் பல, வளரிளம் பெண்களுக்குப் போனை மறுத்து வாசலைப் பூட்டின. அதற்கும் பாதுகாப்பு என்றே பெயர்.

ஆபாசப் படம் தயாரிப்பவனுக்கு அவளுடைய போன் தேவையே இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் யாரோ எடுத்த முகம் போதும். மீதியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி செய்துவிடும். இந்தச் செயலிகள் வருமுன்பே, 2016 ஜூனில், சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண்ணின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி முகநூலில் போட்டார்கள். தந்தை புகார் கொடுத்தார். காவல்துறை தாமதித்தது. சில நாட்களில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தையைப் போலத் தோன்றும்படி கணினியில் உருவாக்கிய படத்தையும் போக்சோ சட்டம் 2019 திருத்தத்திலேயே சேர்த்துவிட்டது. ஆனாலும் 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், இத்தகைய காட்சிகளைத் தரவிறக்கித் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்றது. செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்று சொல்லாதீர்கள், இது குழந்தை மீதான பாலியல் சுரண்டல், வன்கொடுமை என்றது. ஆபாசம் என்றால் பழி படத்தில் இருப்பவள்மேல் விழுகிறது. வன்கொடுமை என்றால் செய்தவனைத் தேடியாக வேண்டும்.

நம் ஊர்த் தையல்காரப் பெண்ணுக்கு ஒரு விதி தெரியும். ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி ஒப்படைத்தால்தான் புது ஊசி. குழந்தை உடுப்பு உலோகம் கண்டறியும் இயந்திரத்தைத் தாண்டித்தான் கப்பலேறும். அங்கே இருக்கும் தாயிடம், ‘ஊசி இருக்கிறதா, நீயே தடவிப் பார்’ என்று எவரும் சொல்வதில்லை. உடுப்புக்கு உள்ள இந்தப் பொறுப்பு, செயலி விற்பவனுக்கும் அதைப் பரப்பிக் காசு பார்க்கும் நிறுவனத்துக்கும் ஏன் இல்லை? சோதித்துவிட்டுச் சந்தைக்குக் கொண்டுவா என்று அவர்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

வீட்டில் நாம் செய்யவேண்டியது ஒன்று. “இப்படியொரு படம் வந்தால் முதலில் என்னிடம் சொல். திட்டமாட்டேன், போனைப் பிடுங்கமாட்டேன்” என்று இன்றே மகளிடம் சொல்லுங்கள். மகனிடமும், அப்படிப் படம் செய்வது வன்கொடுமை என்று சொல்லுங்கள். 1098, 1930 இரண்டு எண்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.