கண்ணாடிப் பெட்டியும் லயக் காம்பிராவும்

2023 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் சோதனையிட்டனர். துளையிட்ட சிறு பெட்டிகளுக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிருடன் இருந்தன. செய்தியைப் படித்தவர்கள் கடத்தலைப் பற்றிப் பேசினார்கள். அந்த 47 உயிர்களும் பிடிபடாமல் போயிருந்தால் எந்தெந்த வீடுகளில், எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில் வாழ்ந்து முடிந்திருக்கும் என்று கேட்டவர்களை நான் காணவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம். டொரொன்டோவிலும் இலண்டனிலும் இருக்கும் வாசகர்களுக்குப் பாம்பை வீட்டில் வளர்ப்பது புதிய செய்தியன்று. பிள்ளைகளின் பள்ளித் தோழர் வீட்டிலாவது ஒன்றைப் பார்த்திருப்பார்கள். இப்போது அந்த ஆசை கைத்தொலைபேசி வழியாக ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறி வந்திருக்கிறது. காணொளிகளில் மயங்கிய இளைஞர்கள், "ஐயா, ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தால் போதுந்தானே?" என்கிறார்கள். போதாது என்பதைச் சட்டத்தின் துணையோடும், அதைவிட இயற்கை விதியின் துணையோடும் சொல்ல விரும்புகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்கு 2009 இல் வந்த திருத்தமும் மலைப்பாம்பு உள்ளிட்ட பல ஊர்வனவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. அவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதில் கடுமையானதே. ஆனால் சட்டம் தடுக்கிறது என்றால் மறைத்து வளர்ப்போம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே மீதியை எழுதுகிறேன்.

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணியன்று. நாம் சோற்றை எரித்துச் சூடு பெறுகிறோம்; அது வெயிலிலும் கல்லிலும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வேண்டுமளவு வாங்கியதும் நிழலுக்கு நகர்ந்துவிடுகிறது. உலகச் சந்தையில் அதிகம் விற்கப்படும் வளர்ப்புப் பாம்புகளுள் ஒன்று, மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த 'பால் பைத்தன்' என்னும் சிறிய மலைப்பாம்பு. அதன் பெட்டியில் ஒரு மூலை 31 முதல் 33 பாகை செல்சியஸ் சூட்டிலும், எதிர் மூலை 25, 26 பாகையிலும் இருக்க வேண்டும். இரண்டு மூலையிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பெட்டி முழுவதும் ஒரே சூடு என்றால் அது பாம்புக்குச் சிறைக்குள் இன்னொரு சிறை. சூடு குறைந்தால் விழுங்கிய எலி செரிக்காது. வயிற்றில் அழுகும், அல்லது கக்கிவிடும். குளிர் நீடித்தால் மூச்சுக்குழாயில் நோய் பற்றும். வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்பதும், மூக்கோரம் நுரை தள்ளுவதும் அதன் அடையாளங்கள்.

இனி நுவரெலியாவை எண்ணிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். தை, மாசி மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிவதைக் காலையில் பார்க்கலாம். வெளியே ஐந்து பாகை இருக்கும் இரவில் பெட்டிக்குள் முப்பது பாகையை நிறுத்தி வைப்பது எளிய காரியமா?

சூட்டைவிடச் சிக்கலானது ஈரம். "எங்கள் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது, ஈரத்துக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்பார்கள். ஒரு தேயிலை ஸ்டோருக்குள் போய் வந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கொழுந்து வாட்டும் மாடியில் ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் அருகருகே தொங்கும். இரண்டின் அளவும் நெருங்கி வந்தால் காற்றில் ஈரம் நிறைந்துவிட்டது, கொழுந்து வாடாது என்று பொருள். அப்போது டீமேக்கர் சூடேற்றிய காற்றைக் கலந்து விடுவார். அதே மழைக்காற்று, சூடேறியதும் தாகமெடுத்த காற்றாக மாறிக் கொழுந்தின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். பத்திரிகைப் பணிக்காக ஏறி இறங்கிய தொழிற்சாலைகளில் நான் பலமுறை பார்த்த காட்சி இது.

பாம்புப் பெட்டியில் நடப்பதும் இதுவே. 15 பாகையில் ஈரம் நிறைந்து, சாரீரப்பதன் நூறு வீதமாக இருக்கும் மலைக்காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் குறையாமலே அதன் சாரீரப்பதன் 40 வீதமளவுக்கு இறங்கிவிடும். மேற்சொன்ன பாம்புக்குத் தேவையானது ஏறத்தாழ 60 வீதம். சட்டை உரிக்கும் காலத்தில் அதற்கும் மேல். ஆகவே மூடுபனிக்கு நடுவே இருக்கும் பெட்டி பாலைவனமாகிவிடும். சட்டை துண்டு துண்டாக உரியும். கண்ணை மூடியிருக்கும் பழைய படலம் கழலாமல் ஒட்டி நிற்கும். இதற்குப் பயந்து நாள் முழுவதும் நீரைத் தெளித்தால், குளிர்ந்த மூலையில் தரை நனைந்து கிடந்து, வயிற்றுச் செதில்கள் அழுகும். அகன்ற நீர்த்தொட்டி, நனைத்த பாசி நிரப்பிய ஒரு மறைவிடம், பாதி மூடிய மேற்புறம், அடைபடாத காற்றோட்டம் ஆகியவற்றை நாள்தோறும் அளந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கொழுந்தைக் கவனிக்கும் டீமேக்கருக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் இதற்கும் தேவை.

சூடு தரும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். அதை அளவோடு நிறுத்தத் தெர்மோஸ்டாட் வேண்டும். அது இல்லாத சூட்டுப் பாயின்மேல் படுத்த பாம்பு, தோல் வெந்த பிறகும் விலகாமல் கிடப்பதுண்டு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய ஓர் இரவில் நுவரெலியாக் கண்ணாடித் தொட்டி அறைக்குளிரின் அளவுக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகும்?

இதைவிட எனக்கு அச்சம் தருவது லயம். சுவரோடு சுவர் ஒட்டிய ஒரே வரிசை, மேலே ஒரே தகரக்கூரை, பழைய மின்கம்பிகள், மூலையில் அடுக்கிய விறகு. ஒரு காம்பிராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்றுவிட்ட செய்திகளை மலையகச் செய்தியாளர்கள் எத்தனை முறை எழுதியிருப்பார்கள்! இரவு முழுவதும் எரியும் சூட்டு மின்குமிழை அங்கே ஒருவர் பொருத்தினால், பந்தயத்தில் அவர் வைப்பது தம் பாம்பை மட்டுமன்று. அயல் வீட்டுப் பிள்ளைகளின் உறக்கத்தையும் சேர்த்துத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஹோட்டன் சமவெளியிலும் நுவரெலியாக் காடுகளிலும் வாழும் அரிய ஓணான்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே சிக்கல் தலைகீழானது: குளிர்ந்த ஈரக்காற்றில் பிறந்த அவற்றைக் கோடைச் சூட்டிலிருந்து காக்க வேண்டும். 2019 இல் ஜெனீவாவில் கூடிய 'சைட்டிஸ்' மாநாடு, 'கொஃபோட்டிஸ்' இனத்தையும் கன்னம் கறுத்த மலையோணானையும் வணிகத்துக்குத் தடைசெய்யப்பட்ட முதற் பட்டியலில் சேர்த்தது. காண்டாமிருகக் கொம்போணான் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றாலும், காட்டில் பிடித்தவற்றை விற்பதற்கான அளவு பூச்சியம் என்று வகுக்கப்பட்டது. நல்ல முடிவு. சூட்டு நாட்டுப் பாம்பைக் குளிர்மலைக்கு ஏற்றுவதும், குளிர்மலை ஓணானைக் கோடைக்கு அனுப்புவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

"மனிதருக்கே ஒழுங்கான வீடில்லாத இடத்தில் பாம்பின் சூட்டைப் பற்றி எழுதுகிறீரே" என்று சிலர் சினக்கலாம். சினம் நியாயமானதே. திருச்சியில் அந்தப் பெட்டி திறக்கப்பட்ட அதே நாட்களில்தான் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடைபயணம் நடந்துகொண்டிருந்தது. அந்த மக்களின் முன்னோர் பலர் திருச்சிச் சீமையிலிருந்து புறப்பட்டவர்கள். வரண்ட வெயிலில் பிறந்தவர்களைக் கொண்டுவந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில், ஒழுகும் கூரைக்கும் புகைக்கும் நடுவே, ஒரு கம்பளியோடு விட்டார்கள். அங்கே எத்தனை பாகை, எவ்வளவு ஈரம் என்று எந்தத் துரை அளந்தார்? ஸ்டோரில் கொழுந்துக்கு இரண்டு வெப்பமானி; லயத்துக்கு ஒன்றுமில்லை. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பின்னரும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வரிசைகளில்தான் இருமிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு இவை இரண்டு கேள்விகளல்ல. ஓர் உயிரை நான்கு சுவருக்குள் வைப்பவர், அந்தச் சுவருக்குள் இருக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பொறுப்பாளி. தோட்டக் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் இது பொருந்தும். பாம்பைத் தொட்டியில் போடும் இளைஞருக்கும் பொருந்தும். பிறர் அளக்காமல் விட்ட வீட்டில் வளர்ந்தவர்கள், தாமும் அளக்காமல் இன்னோர் உயிரை அடைக்கலாகாது.

வெளிநாட்டில் சட்டப்படி பாம்பு வளர்ப்பவர்கள் வெப்பமானியையும் ஈரமானியையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் வாங்கிப் பெட்டியில் பொருத்தி, ஒரு வாரம் அளவு நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகு பாம்பை வாங்குங்கள். மலையகத்து இளைஞர்களுக்குச் சொல்வது வேறு. தேயிலைச் செடியில் பச்சை விரியன் சுருண்டிருந்தால் விலகி நில்லுங்கள்; கொழுந்து எடுப்பவர்களுக்கும் சொல்லி எச்சரியுங்கள். லயத்துக் கானில் சாரை ஓடினால் ஓட விடுங்கள்; அது எலியைத் தேடித்தான் வருகிறது. அதற்கு வேண்டிய வெயிலும் நிழலும் ஈரமும் எங்கே இருக்கின்றன என்பது அதற்குத் தெரியும்.