பழைய சீட்டும் பழகிய மாத்திரையும்

உத்திரமேரூர் மருந்துக் கடையொன்றில், மடிப்பு கிழிந்த மருந்துச் சீட்டை நீட்டிய மூதாட்டியைக் கண்டேன். பதற்றத்துக்காக மருத்துவர் ஈராண்டுக்கு முன் எழுதிய அல்பிரசோலம். இன்றும் அதே மாத்திரை தொடர்கிறது.

இது பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே உரிய மருந்து. நீண்டகாலம் உட்கொண்டால் உடல் அதற்குப் பழகிவிடும். முதியோருக்கு மறதியும் தள்ளாட்டமும் நேரலாம். கீழே விழுந்து எலும்பு முறியலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கக்கூடும். அச்சத்தில் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே, வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' விதிப்படி, இத்தகைய மருந்துகளை விற்கும் கடைகள் மருத்துவர், நோயாளி விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதைக் கண்டிப்புடன் செயல்படுத்துவது அவசியம். ஆனால், மாற்று ஏற்பாடின்றி விற்பனையை மட்டும் இறுக்கினால், பழகிப்போனவர்கள் ஒரே நாளில் மருந்தின்றித் தவிப்பார்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் ரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மருந்துகளை வீடுகளுக்கே கொண்டு செல்கிறது. அப்பணியாளர்கள் தூக்க மாத்திரை பற்றியும் ஒரு கேள்வி கேட்கட்டும். தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்பட்டும். விதி பதிவேட்டோடு நின்றுவிடாமல், நோயாளியின் வீட்டு வாசலையும் எட்ட வேண்டும்.