வாங்காத கடனின் சுமை

முந்தைய கடன்களில் தவணை தவறியவர் என்று கடன் தகவல் அறிக்கை காட்டியதால், பாரத ஸ்டேட் வங்கி ஒருவருக்கு அளித்திருந்த பணி நியமனத்தை இரத்து செய்தது. அம்முடிவு செல்லும் என்று 2025 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளப் போகிறவரிடம் வங்கி நிதி ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது பிழையன்று என்பது நீதிமன்றத்தின் கருத்து. அவ்வழக்கில் பெயர்த் திருட்டு ஏதுமில்லை. ஆயினும் அத்தீர்ப்பு எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. ஒருவர் பெயரில் வேறெவனோ கடன் வாங்கிக் கட்டாமல் ஓடிவிட்டு, அந்தக் கறை அவரது அறிக்கையில் ஏறியிருந்தால், அவருடைய வேலைக்கு யார் பொறுப்பு?

இது வெறும் அச்சம் அன்று. தம் நிரந்தரக் கணக்கு எண்ணை (பான்) தவறாகப் பயன்படுத்தி யாரோ 2,500 ரூபாய் கடன் பெற்றதாகவும், அதனால் கடன் தகவல் நிறுவனமான சிபில் தமக்குத் தரும் மதிப்பெண் சரிந்ததாகவும் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் 2022 ஏப்ரலில் வெளிப்படையாக முறையிட்டார். புகழ் பெற்றவர் குரல் நாடெங்கும் கேட்டது. மேலூரில் நெல் பயிரிடுபவரின் குரலும், உசிலம்பட்டியில் பூ கட்டி விற்கும் பெண்ணின் குரலும் அவ்வாறு கேட்பதில்லை. மகளின் கல்விக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டு வங்கிப் படி ஏறும் நாளில்தான், தாம் ஒருபோதும் பார்த்திராத ஒரு நிறுவனத்துக்குத் தாம் கடனாளி என்பதை அவர்கள் அறிகிறார்கள். கூலித் தொழிலாளிகளின் பெயரில் போலி வணிக நிறுவனங்கள் பதிவாகி, அவர்கள் குடிசைக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளையும் தமிழகம் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறது.

300 முதல் 900 வரை போடப்படும் அந்த மதிப்பெண் நகரத்து மாதச் சம்பளக்காரரின் கவலையாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. பயிர்க்கடன் கேட்போரின் சிபில் விவரத்தைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பார்க்க வேண்டும் என்று 2025இல் பேச்செழுந்தபோது தமிழக விவசாயிகள் கொதித்தெழுந்ததும், அரசு விளக்கம் அளிக்க நேர்ந்ததும் நினைவிருக்கும். வைகை, பெரியாறு பாசனத்தை நம்பி வாழும் மதுரைச் சமவெளி உழவருக்கு, மழையையும் மடைநீரையும் போலவே இனி இந்தக் கடன் தகவல் அறிக்கையும் பருவத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

திருட்டு எப்படி நிகழ்கிறது? பெரும்பாலும் எளிய வழியில். கைபேசி இணைப்பு வாங்க ஆதார் நகல், விடுதியில் அறை எடுக்க ஆதார் நகல், தவணையில் மிக்சி வாங்க ஆதார், பான் இரண்டின் நகல், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவரிடம் ஒரு முழுக் கட்டு. மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஒரு நாளில் எடுக்கப்படும் நகல்கள் இறுதியில் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்பதை எவரும் சொல்ல முடியாது. ஆதார் நகலை எவரிடமும் கொடுக்கவேண்டாம் என்று 2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் நடுவண் அரசு அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. தவறான பொருள் கொள்ளப்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். எச்சரித்தது சரி, திரும்பப் பெற்றதே வருந்தத்தக்கது.

திருடன் எப்போதும் முகம் தெரியாதவனாக இருப்பதும் இல்லை. குழுக் கடன் பெறும் பெண்களிடம் படிவங்களில் கையொப்பம் வாங்கும் முகவர், விரல் ரேகை வைக்கச் சொல்லி "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்கிறவர், வீட்டுக்குள்ளேயே புழங்கும் உறவினர் எனப் பழகிய முகங்களே பல வேளைகளில் குற்றவாளிகளாகின்றன. தெரிந்தவர் என்பதால் புகார் கொடுக்கத் தயங்கி, வாங்காத கடனைக் கட்டித் தீர்க்கும் பெண்களின் துயரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கைப் பிறருக்கு ஒப்படைக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு சொல்: அக்கணக்கின் வழியே ஓடும் திருட்டுப் பணத்துக்கு முதலில் விசாரிக்கப்படுபவர் கணக்கின் உரிமையாளரே.

தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. பிறரது அடையாளத்தை மின்வழியில் திருடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இடம் தருகிறது. குற்றவாளி அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், பெயர் கெட்டவரின் நிலை என்ன என்பதில்தான் நம் சட்டம் தடுமாறுகிறது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, தவறான பதிவைத் திருத்துமாறு எவரும் கேட்கலாம். ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் "ஆம், தவறுதான்" என்று சான்றளித்த பிறகே திருத்தம் நடக்கும். அதாவது, ஆளைச் சரிபார்க்காமல் மோசடிக்காரனுக்குப் பணம் கொடுத்த அதே நிறுவனம், தன் அலட்சியத்தைத் தானே ஒப்புக்கொண்டால்தான் வாங்காதவருக்கு விடுதலை. வழக்கின் எதிராளியையே நீதிபதியாக அமர்த்தும் ஏற்பாடு இது. குறையை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது நன்று. ஆயினும் "கடன் உம்முடையதே" என்று முப்பது நாளுக்குள் எழுதி அனுப்பிவிட்டால் அந்த இழப்பீட்டுக்கும் வழியில்லை.

மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் மீதே இருக்கவேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. இது புதுமையான கோரிக்கையும் அன்று. அனுமதியின்றிக் கணக்கிலிருந்து மின்வழியில் பணம் போனால், வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்க வேண்டியது வங்கியே என்று 2017 ஜூலை 6ஆம் நாள் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்துவிட்டது. கணக்கிலிருந்து திருடப்பட்ட பணத்துக்கு ஒரு நீதி, பெயரில் ஏற்றப்பட்ட கடனுக்கு வேறொரு நீதி என்பது எவ்வாறு பொருந்தும்? அமெரிக்காவில் அடையாளத் திருட்டுக்கு ஆளானவர் உரிய புகாருடன் கேட்டால் நான்கு வேலை நாளுக்குள் அப்பதிவை அறிக்கையிலிருந்து மறைத்தாக வேண்டும். தம் அறிக்கையைப் புதிதாகக் கடன் கொடுப்பவர் எவரும் பார்க்காதபடி முடக்கிவைக்கும் உரிமையும் அங்கே 2018 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உரிமை எழுதப்படவில்லை. நாடாளுமன்றம் அதை எழுதவேண்டும்.

சட்டம் மாறும்வரை மக்கள் செய்யத்தக்கவை சில உள. சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. நான்கையும் ஒரே நாளில் கேட்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் ஆண்டு முழுவதும் கண்காணிப்பு இருக்கும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிறைவடையலாகாது. அறிமுகமில்லாத கடன் இருக்கிறதா, யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்தல் வேண்டும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் போதுமான இடத்தில் முழு எண்ணைக் கொடுக்க வேண்டுவதில்லை. நகல் கொடுத்தே தீரவேண்டுமெனில் எதற்காக, எந்த நாளில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுக. விரல் ரேகையைப் பிறர் பயன்படுத்தாதபடி பூட்டிவைக்கும் வசதி ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை கைபேசி எண்கள் உள்ளன என்பதை நடுவண் அரசின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும்.

வாங்காத கடன் கண்ணில் பட்டால், முகவரோடு பேசித் தீர்க்க முயல வேண்டாம். ஒரு தவணை கட்டினாலும் கடனை ஒப்புக்கொண்டதாகவே வாதிடுவார்கள். கடன் தந்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்பு அனுப்பி, இணையக் குற்றக் காவல் நிலையத்தில் புகார் அளித்து ரசீது பெறுக. கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அந்த மணிநேரமே அழைக்கவேண்டும். முப்பது நாளில் விடை இல்லையெனில், அல்லது விடை நியாயமில்லையெனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

இவ்வளவையும் ஆங்கிலப் படிவங்களின் வழியே, இணையத்தில் ஏறிச் செய்யும் வல்லமை வாடிப்பட்டியின் ஒரு கூலித் தாய்க்கு உண்டா? இங்கேதான் மதுரை மாவட்ட நிர்வாகத்தின் கடமை தொடங்குகிறது. இ-சேவை மையங்களில் கடன் தகவல் அறிக்கையை எடுத்து, தமிழில் விளக்கித் தர ஏற்பாடு வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தமிழ் மாதிரி ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் கிடைக்க வேண்டும். அறிக்கையில் பொய்க்கடன் கண்டு வருகிறவரை "வங்கியில் போய்ப் பேசுங்கள்" என்று திருப்பி அனுப்பாமல், மனுவைப் பெற்று அன்றே ரசீது தரும்படி மாநகர, மாவட்டக் காவல் அதிகாரிகள் இருவரும் தம் நிலையங்களுக்கு எழுத்தில் ஆணையிட வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் வங்கியாளர்கள் கூடும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றை முதற்பொருளாகச் சேர்க்குமாறு வேண்டுகிறோம்.