லிஸ்பன் கருவாடு

லிஸ்பனுக்குக் கருத்தரங்கம் சென்று திரும்பும் நம் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் எழுதும் பயணக்குறிப்புகளில் 'உள்ளூர்க் கடலுணவு' பற்றி ஒரு பத்தி தவறாமல் இடம்பெறுகிறது. அதன் நாயகன் பெரும்பாலும் பக்கல்யாவ். 'உப்பிட்டு உலர்த்திப் பதப்படுத்திய காட் மீன்' என்று அதை நீட்டி விளக்குவார்கள். தமிழில் இதற்கு ஒரே சொல் உண்டு: கருவாடு. அச்சொல்லை மட்டும் எவரும் எழுதக் காணோம்.

போர்த்துக்கேய மொழியில் பக்கல்யாவ் என்று வாளா சொன்னால் கருவாடு என்றே பொருள். பச்சை மீன் வேண்டுமாயின் 'ஃப்ரெஷ்கு' என்னும் அடையைச் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழில் நிலைமை நேர்மாறு. மீன் என்றால் பச்சை மீன், காய்ந்ததற்குத் தனிப்பெயர். குறியுற்ற வடிவம், குறியற்ற வடிவம் என்று வகுப்பில் நடத்துகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது? தான் இயல்பென்று கொண்ட ஒன்றுக்கு எந்தச் சமூகமும் அடைமொழி இடுவதில்லை.

இனி, 'உள்ளூர்' என்னும் சான்றிதழ். காட் மீன் போர்த்துக்கல் கரையோரம் வாழ்வதே இல்லை. இன்று அது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. முன்பு நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து கடல்கள்வரை சென்று பிடித்தார்கள். சலாசார் ஆட்சி 1934இல் இவ்வணிகத்துக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. தாய்க்கப்பலிலிருந்து ஆளுக்கொரு சிறு படகாக இறக்கிவிடப்பட்டு, பனிமூட்டத்தில் தனியே தூண்டில் போட்ட மீனவர்களின் உழைப்பு அத்தட்டில் இருக்கிறது. 1961 முதல் 1974 வரை ஆப்பிரிக்காவில் நடந்த காலனியப் போருக்குப் போக விரும்பாத கரையோர இளைஞர் பலர், இராணுவச் சேவையிலிருந்து விலக்குப் பெறவே இக்கப்பல்களில் ஏறினர். இந்த வரலாறு முழுவதையும் 'உள்ளூர்ச் சுவை' என்ற ஈரடுக்குச் சொல் விழுங்கிவிடுகிறது. (உள்ளூர்க் கடலின் மீன்தான் வேண்டுமென்றால் ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழாவில், தெருவில் கரியடுப்பில் சுடும் மத்தியைத் தின்னலாம். நம் மத்திக்கு உறவு, முள்ளும் அப்படியே.)

பக்கல்யாவை உண்டு மகிழ்வதில் எனக்கு வழக்கில்லை. உண்டவர்கள் ஊர் திரும்பியபின் செய்வதில்தான் வழக்கு. நான் தங்கியிருக்கும் விடுதியின் சமையலறையில் 'துர்நாற்றம் வீசும் உணவுகளுக்கு' தடை. அறிவிப்பில் உணவின் பெயர் எதுவும் இல்லை. பெயர் சொல்லாமலே மணிப்பூர் மாணவிக்குத் தன் ஙாரியும் எனக்கு என் நெத்திலியும் புரிந்துவிட்டன. இது ஒரு விடுதியின் கிறுக்கு என்று ஒதுக்க இயலாது. 2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென வெளியிட்ட கையேடு, மூங்கில் குருத்து, அகுனி போன்ற 'நாற்றமுள்ள' உணவுகளை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதபடி சமைக்கச் சொன்னது. சட்டம் ஒழுங்கைக் காக்கும் துறை மூக்கையும் காக்கப் புறப்பட்ட காலம் அது.

மணம் கடுமையானதுதானே என்பார்கள். காட் கொழுப்பு குறைந்த மீன். நெத்திலிக் கருவாட்டின் மணம் அதைவிட வீரியமானது. ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் லிஸ்பனின் ருவா து அர்செனால் தெருவில் பலகை பலகையாக அடுக்கிய பக்கல்யாவின் மணம் கடைக்கு வெளியிலேயே வரவேற்கும். அதைப் 'பாரம்பரியத்தின் மணம்' என்று எழுதிய அதே விரல்கள்தாம் இங்கே தடை அறிவிப்பில் கையெழுத்திடுகின்றன. மூக்கு ஒன்றே. உண்பவர் எங்கிருந்து வந்தவர் என்பதைக் கேட்டபிறகே அது சுளிக்கிறது.

சமையலறை விதி அடுத்த விடுதிக்குழுக் கூட்டத்தில் விவாதத்துக்கு வருகிறது. லிஸ்பன் சென்றுவந்தோர் இருவர் அக்குழுவில் இருக்கின்றனர். அவர்களுடைய பயணப் பதிவுகளை, 'உலர்த்திய காட்' என்று வரும் இடமெல்லாம் 'கருவாடு' என்று திருத்தி, அச்செடுத்து வைத்திருக்கிறேன்.